வீட்டில் சொல்லிவிட்டு இருவர் மட்டும் சினிமாவுக்கு: தம்பதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்களுக்குக் கல்யாணமாகி 13 வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடத்தில் நானும் அவரும் மட்டும் தியேட்டருக்குப் போனது மூன்றே முறை. மற்றபடி போனால் குடும்பத்தோடு போவோம். பையனுக்குப் பாதியில் பசிக்கும், மாமனாருக்கு முழங்கால் வலிக்கும், நான் பாதிப் படத்தை வராந்தாவில் நின்று கழிப்பேன். நான்கு வருடமாக மாதம் ஒரு தடவை இருவர் மட்டும் போகிறோம். வீட்டில் யாருக்கும் மனக்குறை இல்லாமல் போகிறோம். இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் நான்கு வருடம் ஆனது.

கோவை சிங்காநல்லூரில் இருக்கிறோம். அவர் கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் சூப்பர்வைசர். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வீட்டில் மாமனார், மாமியார், 11 வயதில் மகள், 6 வயதில் மகன். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்: "மாமியார்கிட்ட எப்படிச் சொன்னே?", "குழந்தைங்க அழாதா?" எந்தப் படம் பார்த்தாய் என்று யாரும் கேட்டதில்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கோர்வையாக எழுதுகிறேன்.

படி 1: நாள் குறிப்பது

வாரக் கடைசியை விட்டுவிடுங்கள். புதுப்படம் வந்த முதல் சனி, ஞாயிறு டிக்கெட்டும் கிடைக்காது, பார்க்கிங்கும் கிடைக்காது, வீட்டில் எல்லாரும் இருக்கும் நாளில் நீங்கள் மட்டும் கிளம்புவது உறுத்தலாகவும் இருக்கும். செவ்வாய், புதன் மாலைதான் எங்களுக்குச் சரியாக வந்தது. ஆனால் ரொம்பவும் தள்ளிப் போடாதீர்கள். இரண்டாவது வாரத்திலேயே காட்சிகள் குறைந்து, உங்களுக்குத் தோதான மாலைக் காட்சி போய்விடும். பல படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கும் வந்துவிடுகின்றன.

பிள்ளைகளுக்குப் பரீட்சை உள்ள வாரம், வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இரண்டும் இல்லாத நாளாகப் பார்த்து காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி எழுதும் அதே தினசரி காலண்டரில்தான் இதையும் எழுதுகிறோம். எழுதி வைக்காத நாள் நழுவிவிடும்.

படி 2: வீட்டில் சொல்வது

இதுதான் முழு விஷயத்தின் ஆணிவேர். இங்கே நாங்கள் செய்த தவற்றை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு தடவை, "ஃப்ரெண்டு வீட்டு ரிசப்ஷன்" என்று சொல்லிவிட்டுப் படத்துக்குப் போனோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து என் கைப்பையில் பேனா தேடிய மகள் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, கல்யாணத்துக்கு டிக்கெட் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் நைட்டியை மடித்து என் பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்த அமைதி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. படத்துக்குப் போனதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. ஒளித்துப் போகும் அளவுக்கு எங்களை வேற்று ஆளாக நினைத்துவிட்டாளே என்பதுதான் அவர் வருத்தம். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு விதி வைத்துக்கொண்டோம். ஒன்று, அவரவர் பெற்றோரிடம் அவரவர்தான் சொல்ல வேண்டும். கணவரின் அம்மாவிடம் மருமகள் போய் நின்றால் அது அனுமதி கேட்பதாக ஆகிவிடுகிறது. மகன் சொன்னால் அது செய்தி. இரண்டு, கிளம்பும்போது சொல்லாமல் மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, புதன்கிழமை சாயங்காலம் நானும் அவளும் ஒரு படத்துக்குப் போறோம். பத்து மணிக்குள்ள வந்துருவோம். உனக்கு அன்னைக்கு எங்காவது போற வேலை இருக்குதா?" கடைசிக் கேள்வி முக்கியம். அவருக்கும் ஒரு நாள் திட்டம் இருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிற கேள்வி அது.

அத்தை உடனே, "போயிட்டு வாங்க கண்ணு, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்றார். இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா ரிசப்ஷன் கதை கட்டினோம் என்று இருந்தது.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக நடக்காது என்று தெரியும். "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் என்ன சினிமா" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் வாதாட வேண்டாம். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். மூன்று முறை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் நான்காவது முறை முகம் இளகும். என் தங்கை வீட்டில் அப்படித்தான் ஆனது.

குழந்தைகளிடமும் நேராகச் சொல்லுங்கள். "அப்பாவும் அம்மாவும் படத்துக்குப் போறோம், இது பெரியவங்க படம், ஞாயித்துக்கிழமை உங்க கூட வ.உ.சி. பூங்கா" என்று சொன்னால் போதும். சாக்லேட் கொடுத்துச் சமாதானம் செய்யாதீர்கள். அம்மா அப்பா சேர்ந்து வெளியே போவது தனக்கு நடக்கும் ஓர் இழப்பு, அதற்கு ஈடு கிடைக்கும் என்று பிள்ளை கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

படி 3: வீட்டை ஒப்படைப்பது

பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், சமையலையும் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. மாவு இருக்க வேண்டும், தக்காளித் தொக்கு இருக்க வேண்டும், வீட்டுப்பாடம் முடிந்திருக்க வேண்டும். மாமாவின் இரவு பிரஷர் மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவேன். மகனுக்குத் தூங்கும்போது ஒரு குறிப்பிட்ட போர்வை வேண்டும், அதை எடுத்துக் கட்டிலில் போட்டுவிடுவேன். அரைமணி நேர வேலைதான்.

அப்புறம், இது ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. மாதத்தில் ஒரு நாள் அத்தையும் மாமாவும் மருதமலைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. அதுவும் காலண்டரில் வட்டம் போட்ட நாள்தான்.

கூடப் பெரியவர்கள் இல்லாத வீடு என்றால் பகல் காட்சியைப் பாருங்கள். இருவரும் அரைநாள் லீவு போட்டு, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் 11 மணி வாக்கில் தொடங்கும் காட்சிக்குப் போனால் பள்ளி வேன் வருவதற்குள் வீட்டில் இருக்கலாம். கூட்டமும் இருக்காது. இன்னொரு வழி, நம்பிக்கையான பக்கத்து வீட்டுத் தம்பதியோடு முறை வைத்துக்கொள்வது. இந்த மாதம் அவர்கள் பிள்ளைகள் உங்கள் வீட்டில், அடுத்த மாதம் உங்கள் பிள்ளைகள் அவர்கள் வீட்டில்.

படி 4: படத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரு மாதம் அவர் முறை, ஒரு மாதம் என் முறை. முறை யாருடையதோ அவர் சொல்வதுதான் படம், மற்றவர் முணுமுணுக்கக் கூடாது. இருவருக்கும் பிடித்த படம் வரட்டும் என்று காத்திருந்தால் வருடத்துக்கு மூன்று படம்கூடத் தேறாது. அவர் முறையில் போய்த்தான் எனக்குச் சண்டைக் காட்சிகளில் ஒரு ருசி வந்தது.

ஓடும் நேரத்தைப் பாருங்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து மூன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொன்ன நேரம் அதை வைத்துத்தான் இருக்க வேண்டும்.

சான்றிதழையும் ஒரு பார்வை பாருங்கள். ஏ சான்றிதழ் படத்துக்கு 18 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பது தெரிந்ததுதான். யுஏ சான்றிதழை இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, மகளை அழைத்து வரலாமா என்று முடிவு செய்ய இது உதவுகிறது. 13+ என்று போட்டிருந்த ஒரு படத்தை அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் கழித்துக் காட்டலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். பெற்றோராகச் சேர்ந்து ஒரு முடிவை நிதானமாக எடுத்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

படி 5: டிக்கெட்டும் செலவும்

கணக்கு பார்ப்பவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஆக, 100 ரூபாய் டிக்கெட்டுக்கு 5 ரூபாய், 150 ரூபாய் டிக்கெட்டுக்கு 27 ரூபாய். உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. ஆப்பில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கட்டணம் சேரும். வார நாளில் பழைய ஒற்றைத் திரை தியேட்டருக்குப் போய் கவுண்டரில் எடுத்தால் இரண்டு பேருக்கு நல்ல தொகை மிச்சம். அந்த மிச்சத்தில் படத்துக்கு அப்புறம் சாப்பிடலாம், அதுதான் எங்கள் கணக்கு.

இருக்கை நடுவரிசைக்குக் கொஞ்சம் பின்னால், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருந்தால் சத்தமும் காட்சியும் சரியாக விழும். வீட்டிலிருந்து அழைப்பு வரலாம் என்ற நிலைமை இருந்தால் மட்டும் ஓர இருக்கை எடுங்கள்.

வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று தியேட்டர்கள் விதி வைக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்றும் அதே வழக்கில் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுப்பதற்கு முன் குடிநீர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

படி 6: கிளம்பும்போது

வேலையிலிருந்து நேராகப் போகாதீர்கள். முடிந்தால் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டறையிலிருந்து வரும்போது அவர் கையில் கிரீஸ் வாசம் இருக்கும், சோப்புப் போட்டும் லேசாக ஒட்டியிருக்கும். அந்த வாசம் எனக்குப் பழகியதுதான், ஆனால் சட்டை மாற்றி, தலை சீவி என்னோடு கிளம்பும் மனிதரைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. வழியில் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தருவார். ஏசி குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு போனில் ஒன்றை அணைத்துவிடுங்கள். இன்னொன்றில் வீட்டு எண் மட்டும் அதிரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: உள்ளே

இங்கே சொல்ல அதிகமில்லை. பேசாமல் படம் பாருங்கள். இடைவேளையில் வீட்டுக்கு ஒரே ஒரு போன், ஒரு நிமிடம். "சாப்பிட்டாங்களா, தூங்கிட்டாங்களா" அவ்வளவுதான். கரண்டு பில், பள்ளிக் கட்டணம், அண்ணன் தம்பி விவகாரம் எதையும் இடைவேளையில் எடுக்காதீர்கள். எடுத்தால் இரண்டாம் பாதி முழுக்க அதுதான் ஓடும்.

படி 8: படம் விட்ட பிறகு

நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். முழு வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி, அதையும் சேர்த்துத்தான் வீட்டில் நேரம் சொல்ல வேண்டும்.

நாங்கள் ரேஸ் கோர்ஸுக்குப் போவோம். சுற்று நடைபாதை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். மரம், விளக்கு, உட்காரப் பெஞ்சு எல்லாம் இருக்கும். சில நாள் தள்ளுவண்டியில் ஒரு தட்டு காளான் வாங்கி இருவரும் சாப்பிடுவோம். சில நாள் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும்.

அங்கே என்ன பேசுவது? வீட்டுக்குள் நாங்கள் பேசுவதெல்லாம் கேஸ் புக் பண்ணியாச்சா, வேன் ஃபீஸ் கட்டியாச்சா என்பதுதான். ஒரு நாள் திடீரென்று வெளியே கூட்டிவந்து மனம்விட்டுப் பேசு என்றால் பேச்சு வராது. அதற்குத்தான் படம். நான் எப்போதும் ஒரே கேள்வியில் தொடங்குவேன்: "அந்தப் படத்துல வந்தவங்கள்ல யாரு நமக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரி இருந்தாங்க?" அடுத்த வீட்டுக் கதை போலத் தொடங்கும் பேச்சு தானாக நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

போன வருடம் ஒரு படம். அதில் சொத்துப் பிரிக்கும் இடத்தில் மூத்த அக்கா ஒரு தூணில் சாய்ந்து பேசாமல் நிற்பாள். கதையில் அது சின்ன இடம், யாரும் அவளைக் கேட்கக்கூட மாட்டார்கள். ரேஸ் கோர்ஸில் பாதிச் சுற்று வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், "எங்க அக்கா அன்னைக்கு அப்படித்தான் நின்னுச்சு" என்றார். வீட்டை அவர் பெயருக்கு எழுதிய அன்று, என் நங்கையா, அதாவது அவருடைய அக்கா, சமையலறை வாசலில் நின்றாராம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, எல்லாருக்கும் காபி கலக்கப் போய்விட்டாராம். எட்டு வருடமாக இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. நானும் நங்கையா ஏன் தீபாவளிக்கு வந்தால் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார் என்று என் மேல்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு அறிவுரை சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. "நாளைக்குப் பேசுங்க" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் முன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு நங்கையா இரண்டு நாள் தங்கினார்.

எல்லா மாதமும் இப்படி நடக்காது. பல மாதம் படத்தைத் திட்டிவிட்டு டீ குடித்து வந்துவிடுவோம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் இல்லாவிட்டால் தூணில் சாய்ந்த அக்காவைப் பற்றி நான் கேட்டிருக்கவே மாட்டேன். பேச்சில் கசப்பு வந்தால் ஒன்று செய்யுங்கள். அங்கே பேசியதை வீட்டுக்குள் சண்டையில் ஆயுதமாக எடுக்காதீர்கள். ஒருமுறை எடுத்தால் அடுத்த மாதம் பேச்சு இருக்காது.

படி 9: பெரியவர்களுக்கும் இரண்டு டிக்கெட்

மறுநாள் காலை அத்தைக்குக் கதை சொல்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அவர் சின்ன வெங்காயம் உரிப்பார், நான் இட்லி ஊற்றிக்கொண்டே சொல்வேன். அப்படி ஒரு நாள் அவர் பழைய கதையை எடுத்தார். மாமா மில்லில் இருந்தபோது அரை நைட் ஷிப்ட் இல்லாத வாரம் கொட்டகைக்குப் போவார்களாம். "பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம். நடுவுல இடுப்பு உசரத்துக்குச் சுவரு. உங்க மாமா எங்க உக்காந்திருக்காருன்னே தெரியாது. படம் விட்டா சைக்கிள் ஸ்டாண்டுல தேடிக்குவோம்" என்றார்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 வாக்கில் புரொஜெக்டரோடு ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். 1914-இல் அவர் இங்கே கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் என்ற தியேட்டரின் பெயரில் இன்றும் ஒரு ரோடு இருக்கிறது. அப்படிச் சினிமா ஊறிய ஊரில் 40 வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்ததில்லை. எங்களோடு வந்தபோதும் நடுவில் எப்போதும் பேரப்பிள்ளைகள்தான்.

அந்த மாதம் எங்கள் முறையை அவர்களுக்குக் கொடுத்தோம். நீங்களும் அனுப்புவதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள். மதியக் காட்சியாக எடுங்கள். படி ஏற வேண்டாத வரிசை, ஓர இருக்கை, கழிப்பறைக்குப் பக்கம். லிப்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். சத்தம் அதிகமுள்ள படம் வேண்டாம். போன் டிக்கெட்டை நம்பாமல் கவுண்டரில் அச்சிட்ட டிக்கெட்டாக வாங்கிக் கையில் கொடுங்கள். ஆட்டோவில் ஏற்றிவிட்டு, படம் விடும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள்.

மாமா வேட்டி மாற்றி, சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டார். அத்தை தலையில் பூ வைக்க வெட்கப்பட்டார், என் மகள்தான் வைத்துவிட்டாள். சாயங்காலம் வாசலில் நாங்கள் காத்திருந்தோம். கூட்டம் எல்லாம் போன பிறகு மெதுவாக இரண்டு பேரும் வந்தார்கள். மாமாவின் தோளில் அத்தையின் சால்வை இருந்தது.

மறுநாள் காலை நான் வெங்காயம் உரித்தேன், அத்தை கதை சொன்னார். இடைவேளை வரை சொல்லி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது.